தன்லியின் பாலத்து ஆல்ப்ஸ்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.40. யாங்கோனின் மிங்கலாடோன் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு டாக்சிக்காரர் கேட்காமலே என் பையை வாங்கிக்கொண்டார். நகரின் நடுவிலுள்ள கியாக்டடாவுக்குப் பதினாறு கிலோமீட்டர். இருபத்தைந்தாயிரம் கியாட் என்றார். நான் பதினைந்து என்றேன். இருபதாயிரத்தில் சமாதானமானோம். திருச்சி ஜங்ஷனில் ஆட்டோ பேசிப் பழகிய நாக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் சும்மா இருப்பதில்லை.

"சுற்றிப் பார்க்க வந்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம், ஐரோப்பாவை" என்றேன். கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

நான் சொன்னது உண்மைதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கில நாவலாசிரியை ஒருத்தி, தன் பத்தொன்பதாவது வயதில், நோயாளி அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பினாள். ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடந்து, தபால் வண்டியில் ரைன் நதியோரமாகப் போய், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் ஒரு கோடைக்காலம் தங்கி, ஆல்ப்ஸைத் தாண்டி ஜெனோவா துறைமுகத்தில் இறங்கினாள். அங்கே அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. தொற்றுக்குப் பயந்து இருவரையும் தனிமைக் கொட்டடியில் நாற்பது நாள் அடைத்தார்கள். அண்ணன் அங்கேயே இறந்தான். மிச்சமிருந்த நாட்களில் அவள் தன் முதல் நாவலைத் தொடங்கினாள். பிறகு எழுதிய நாவல்கள் எல்லாவற்றிலும் எங்காவது ஓர் ஏரி வரும், அதில் ஒருவன் படகு வலித்துக்கொண்டிருப்பான். அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. யாங்கோனில் அவளை 'அம்மையார்' என்றே சொல்கிறார்கள், எனக்கும் அது பழகிவிட்டது.

அம்மையாரின் பயணக் கடிதங்களை நான் தமிழில் மொழிபெயர்த்து வருகிறேன். சென்ற ஆண்டு சேமிப்பை வழித்தெடுத்து, இருபத்து மூன்று நாள், அவள் போன வழியிலேயே போய் வந்தேன். வந்து அதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நண்பர் என் தலையில் குட்டினார். இதே கடிதங்களுக்கு யாங்கோனில் பழைய கையெழுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று உண்டாம். மிஷன் பள்ளி ஆசிரியை ஒருவர் செய்தது. அதை வாசிக்கச் சேர்ந்த பெண்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் அம்மையார் போன வழியை யாங்கோனுக்குள்ளேயே போய் வருகிறார்களாம். ஆல்ப்ஸுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பாலம் இருக்கிறதே என்றார் நண்பர்.

மாலை 5.00. முப்பத்தைந்தாம் தெரு. இங்கே மாடி வீடுகளுக்குக் கீழே அழைப்பு மணி கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்குகிறது, மேல்நுனியில் ஒரு சிறு மணி. நான்காம் மாடிக் கயிற்றை இழுத்தேன். மேலேயிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. கயிற்று நுனிக் கிளிப்பில் சாவி இறங்கி வந்தது.

அந்தக் கையெழுத்து நோட்டு இப்போது ரூத் அக்காவிடம்தான் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பது வருடம் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, மூக்கில் கண்ணாடி. கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். மகள் ஹன்னா ஜெர்மனியில் நர்ஸ்.

"வாங்க சயா, படி ஏறி மூச்சு வாங்குதா? நாலு மணி நேரம் கரண்டு இருக்கும், நாலு மணி நேரம் இருக்காது. இப்ப இல்லாத நேரம்" என்றார். சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். எழுதுகிறவர்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தேநீர் கொடுத்துவிட்டு, நான் நோட்டைப் பற்றிக் கேட்பதற்குள் அவரே விஷயத்துக்கு வந்தார்.

"விசா வந்திருச்சு சயா. எம் மக இருக்கிறது அந்த ஏரிக்கரை ஊருதான். அம்மையார் தங்கின அதே ஏரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவா. வரேன்னு சொன்னா டிக்கெட் எடுப்பா, இல்லைன்னா விசா தேதி முடிஞ்சு போவும்."

"போக வேண்டியதுதானே அக்கா?"

"நீங்க போய்ப் பாத்துட்டு வந்தவுக. அதான் உங்கள வரச் சொன்னேன். ஆனா இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நாளைக்கும் நாளன்னைக்கும் எங்களோட வாங்க. எல்லாம் முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். மனசுக்காகப் பேசாம உள்ளதச் சொல்லணும். அத வச்சுத்தான் எம் முடிவு."

உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டேன், இனி உலக்கைக்குப் பயந்து என்ன பயன். சரி என்றேன். ஒரு மனுஷியின் மிச்ச வாழ்க்கை என் வாய்ச்சொல்லில் தொங்குகிறது என்ற நினைப்பில், அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் அன்றிரவே பதில் யோசிக்கத் தொடங்கினேன்.

சனிக்கிழமை, காலை 6.15. பான்சோடான் படகுத்துறை. ஒரு காலத்தில் பதினொரு பெண்கள் இந்தப் பயணம் போவார்களாம். சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். இப்போது மிச்சம் இரண்டு பேர். இரண்டாமவர் மா சூ. முப்பது வயது, கைப்பேசிக் கடையில் வேலை. துறைமுகக் கூலிகளாக வந்த தமிழ்க் குடும்பம், வீட்டில் கூப்பிடும் பெயர் தேவி. தமிழ் புரிகிறது, வாயைத் திறந்தால் பர்மிய மொழிதான் வருகிறது. ரூத் அக்கா தமிழில் வாசிப்பதைக் கேட்பதற்காகவே எட்டு வருடமாக வருகிறாராம்.

வெளிநாட்டுக்காரன் என்பதால் எனக்குத் தனி அறையில், பாஸ்போர்ட்டைப் பார்த்து, நாலாயிரம் கியாட்டுக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். ஆற்றின் மேல் பனிமூட்டம். எதிர்க்கரையிலுள்ள டலா கண்ணுக்குத் தெரியவில்லை. படகு கிளம்பியதும் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் வந்து சூழ்ந்தன. குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து வருகிறவை. ஜனங்கள் பொரியை வாங்கி மேலே எறிய, அவை காற்றிலேயே கவ்வின. ரூத் அக்கா பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து முதல் கடிதத்தைத் தாழ்ந்த குரலில் வாசித்தார். அம்மையார் கால்வாயைக் கடந்தபோது கரை மறைந்ததையும், பறவைகள் கப்பலைத் துரத்தி வந்ததையும் சொல்லும் கடிதம். கீரைக்கட்டு விற்கிற பெண் ஒருத்தி தன் முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் தோளை உரசி உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமலே கடைசிவரை கேட்டாள். பத்தே நிமிடப் பயணம். நான் ஆங்கிலக் கால்வாயை ரயில் சுரங்கத்துக்குள்ளே கடந்தவன். கைப்பேசி பார்த்துக்கொண்டு வந்தேன், கடலையே பார்க்கவில்லை. உண்மையில் கால்வாயைக் கடந்தது இன்றைக்குத்தான் என்று தோன்றியது.

காலை 9.30. டலாவிலிருந்து அதே படகில் திரும்பி, சூலே பகோடா என்ற புத்தர் கோயில் அருகே மொஹிங்கா சாப்பிட்டோம். மீன் குழம்பில் மிதக்கும் அரிசி நூடுல்ஸ், கிண்ணம் மூவாயிரம் கியாட். அங்கேதான் ரூத் அக்கா முதன்முதலாக நோட்டை என் கையில் கொடுத்தார். புரட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால்வாய்க் கடிதத்தை அடுத்து ஆல்ப்ஸ் வந்தது, பிறகு ஜெனோவா, அண்ணனின் சாவு. அதற்கப்புறம் தபால் வண்டி. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏரி.

பக்கங்களைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. ஆசிரியை பக்க எண்களைப் பழைய தமிழ் எண்களில் போட்டிருக்கிறார். தைத்துக் கொடுத்த பர்மிய பைண்டருக்கு அவை வெறும் கோடும் சுழியும். கட்டு அவிழ்ந்த தாள்களை அவர் தன் மனம்போல அடுக்கித் தைத்துவிட்டார்.

"அக்கா, வரிசை தப்பு. ஏரிதான் முன்னால் வரவேண்டும். அண்ணன் சாவதுதான் கடைசி" என்றேன். ஒரு பிழையைக் கண்டுவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"தெரியும் சயா."

"தெரியுமா? அப்படியானால் பிரித்துத் தைத்திருக்கலாமே?"

"யாங்கோன்ல பைண்டருக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார். மா சூ என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மட்டும் பரீட்சையில் தவறிய பையன் மாதிரி நூடுல்ஸைக் கிளறினேன்.

காலை 11.00. தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பேருந்து. பாகோ ஆற்றைக் கடக்கிற பாலம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். பாலம் நெருங்கியதும் இருவரும் பையைத் திறந்து ஸ்வெட்டர்களை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். மா சூ குரங்குக் குல்லாயும் போட்டார். எனக்கும் ஒன்று வந்தது, மஞ்சள் பூப் போட்டது, காலஞ்சென்ற ஓர் உறுப்பினருடையது.

"குளிர் வருது. போடு, போடு" என்றார் மா சூ. அவர் பேசிக் கேட்ட முதல் தமிழ் அதுதான்.

வெளியே முப்பது டிகிரி வெயில். ஆனால் கடிதத்தில் பனி பெய்கிறது, ஸ்வெட்டர் இல்லாமல் எப்படிப் போவது? பேருந்து முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. எதிர் இருக்கையிலிருந்த தொழிற்சாலைப் பெண் காய்ச்சலென்று நினைத்து, எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, தைல டப்பாவைத் திறந்து நெற்றியில் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். அக்கா தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நான்கு ஆட்கள் நாற்காலியில் தூக்கிப்போக அம்மையார் கணவாயைக் கடந்த கதையை மனப்பாடமாக, முணுமுணுப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பாலத்தின் உச்சியில் ஆற்றுக் காற்று ஜன்னலில் புகுந்தது. கீழே வெகு ஆழத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்குப் புல்லரித்தது. வெயிலில், பூப் போட்ட ஸ்வெட்டருக்குள், நிஜமாகவே குளிர்ந்தது. நிஜ ஆல்ப்ஸில் ஹீட்டர் போட்ட ரயிலில் நான் தூங்கிவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பகல் 12.30. தன்லியின் ஒரு பழைய துறைமுக ஊர். போர்ச்சுகீசியர் காலத்துத் தேவாலயத்தின் இடிந்த செங்கல் சுவர்கள் ஒரு மேட்டில் நிற்கின்றன. கூரையில்லை, உள்ளே புல் முளைத்திருக்கிறது. இவர்களுடைய ஜெனோவா இதுதான். சுவரின் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அண்ணன் இறக்கிற கடிதத்தை ரூத் அக்கா வாசிக்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சயா" என்றார் கடைசியில். "கொரோனா வருசம். ஆஸ்பத்திரிக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க. நான் கேட்டுக்கு வெளிய. ஆறு நாள். ஏழாம் நாளு செத்தவுக லிஸ்டுல பேரு மட்டும் வெளிய வந்துச்சு. கடைசிக்கு அவுக பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

மா சூ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"அதான் நோட்ட மாத்தித் தைக்கல. இந்த வரிசையில இங்கன செத்தவரு, அதுக்கப்புறம் ஏரிக்கு வராரு. படகு ஓட்டுறாரு, ரொட்டி திங்கிறாரு. பைண்டர் எனக்குன்னே தச்சுக் குடுத்த மாதிரி இருக்கு."

காலையில் நான் திருத்தப் போனதை நினைத்துக் கூசினேன். அந்த இடிந்த சுவர்களுக்கிடையே வெகுநேரம் இருந்தோம். வெயில் சாயச் சாயச் செங்கல்லின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. எது தன்லியின், எது ஜெனோவா என்று பிரித்துப் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.10. ரூத் அக்கா கோயிலுக்குப் போய் ஆராதனை முடித்து வந்ததும் மூவரும் யாங்கோன் ரயில் நிலையத்தின் ஏழாம் நடைமேடைக்குப் போனோம். நகரைச் சுற்றிவரும் ரயில்தான் தபால் வண்டி. சீட்டு இருநூறு கியாட். பெட்டியில் இரண்டு பக்கமும் நீளப் பலகை, மனிதர்கள் தோளோடு தோளாக. ரயில் ஆடி அசைந்து கிழக்குப் பக்கமாகக் கிளம்பியது. துணி காயும் கொல்லைப்புறங்கள், தாமரைக் குட்டைகள், மடாலயச் சுவர்கள் ஒவ்வொன்றாக விலகிப் போயின. அக்கா வாசிக்க, மா சூ கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டு வந்தார். அவர் சத்தமில்லாமல் கூடவே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ரைன் கரையின் திராட்சைத் தோட்டங்கள் என்று அக்கா வாசித்தபோது ஜன்னலுக்கு வெளியே ஏதோ நீர்க்கீரைப் பாத்தி பச்சையாக விரிந்தது, பொருத்தமாகத்தான் இருந்தது.

மிங்கலாடோனைத் தாண்டி டான்யிங்கோன் சந்தையில் காய்கறி மூட்டைகள் ஏறின. முட்டைக்கோஸ்கள் என் காலடிக்கு உருண்டு வந்தன. மூட்டைக்காரக் கிழவர் அக்காவுக்கும் எனக்கும் நடுவே இல்லாத இடத்தில் உட்கார்ந்து, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். அக்கா சொன்ன பதிலைக் கேட்டு மிகத் தீவிரமாகத் தலையாட்டினார்.

"என்ன கேட்டார்?" என்றேன்.

"ஏரிக்குப் போறோம், அங்க ஒருத்தர் படகுல வருவாருன்னேன். நேரத்தோட போங்க, காக்க வைக்காதீங்கன்றாரு."

பிற்பகல் 3.00. லேடான் நிலையத்தில் இறங்கி இன்யா ஏரிக்கு நடந்தோம். கரைமேட்டில் வரிசையாகக் குடைகள், ஒவ்வொரு குடைக்கும் கீழே ஒரு காதல் ஜோடி. நாங்கள் சிமெண்டுப் பலகை ஒன்றைப் பிடித்தோம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வந்தன, கடிதத்தில் அண்ணன் தின்றது அதுதான். அக்கா கடைசிக் கடிதத்தை வாசித்தார். அண்ணன் துடுப்பு வலிக்கிறான். தங்கை தண்ணீரில் கை அளைகிறாள். அவ்வளவுதான், வேறு எதுவும் நடக்காத கடிதம். மொழிபெயர்த்தபோது எனக்குச் சலிப்பூட்டிய கடிதமும் அதுதான். இப்போது ஏரியின் நடுவில் யாரோ ஒருவர் சின்னப் படகில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. நாங்கள் மூவரும் அவரையே பார்த்திருந்தோம், அவர் கண்ணுக்கு மறைகிறவரை.

நோட்டை மூடிவிட்டு ரூத் அக்கா என் பக்கம் திரும்பினார். மணி நாலரை. ஐந்துக்கு மகள் அழைப்பாள்.

"இப்ப கேக்குறேன் சயா. அந்த ஏரிக்கரையில நான் போய் உக்காந்திருந்தா, தெரியாதவங்க பக்கத்துல வந்து உக்காருவாங்களா?"

குளிரைக் கேட்பார், மொழியைக் கேட்பார், அம்மையார் தங்கிய வீடு இருக்கிறதா என்று கேட்பார் என்று இரண்டு நாளாகப் பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். இதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்லப் பிடிக்கவில்லை. உட்காருவார்கள் என்று சொன்னால் விமானம் ஏறிவிடுவார். மகளோடு இருப்பார். ஒரு பொய்தானே. ஆனால் மனசுக்காகப் பேசக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"மாட்டார்கள் அக்கா" என்றேன். "நல்லவர்கள்தான். வழி கேட்டால் கூடவே வந்து காட்டுவார்கள். ஆனால் ஒரு பெஞ்சில் ஒருவர் இருந்தால், அடுத்தவர் அடுத்த பெஞ்சைத் தேடிப் போய்விடுவார். இருபத்து மூன்று நாளும் என் பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை."

மா சூ தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தில் ஆறுதல் தெரிந்தது, அப்படி ஆறுதல் பட்டதற்கான வெட்கமும் தெரிந்தது. அக்கா தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

"நீங்க யாரு பக்கத்துலயாவது போய் உக்காந்தீங்களா?"

"நானா? இல்லை."

"ஒருநாளு கூட?"

"இல்லை அக்கா."

"அப்ப உங்களுக்குப் பாதிதான் தெரியும்" என்றார். குரலில் கோபமில்லை, கப்பல் ஏஜென்சியில் முப்பது வருடம் கடிதம் சரிபார்த்த தொனிதான் இருந்தது. "மிச்சத்த நான் போய்ப் பாத்துக்கிறேன்."

ஐந்து மணிக்குக் கைப்பேசி அடித்தது. டிக்கெட் எடு என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு, மகளிடம் சமையலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டே நோட்டை மா சூவின் மடியில் வைத்தார். மா சூ அழுதார், பிறகு முதல் பக்கத்தைத் திறந்தார். கால்வாய்க் கடிதத்தின் முதல் வரியை எழுத்தெழுத்தாக, சத்தமாக வாசித்தார். பக்கத்துக் குடையிலிருந்த ஜோடி திரும்பிப் பார்த்தது.

திங்கட்கிழமை மிங்கலாடோனிலிருந்து பாங்காக் வழியாகத் திரும்பினேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக என் மொழிபெயர்ப்பின் முன்னுரையை எடுத்தேன். அம்மையார் சென்ற வழியெல்லாம் சென்றேன், எல்லாவற்றையும் பார்த்தேன் என்று அதில் பெருமையாக எழுதியிருந்தேன். சென்றேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டேன்.